முழு மிதி

மார்ச் 11, புதன். இன்று ஒரு தவறு செய்தேன். பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் எண்ணெய் சூடேறும் முன்பே அளவு எடுத்துவிட்டேன். எண்ணெய் குளிர்ந்திருந்தால் பம்ப் ஒரு கணக்கு காட்டும், சூடானால் இன்னொரு கணக்கு காட்டும். காலையில் எடுத்ததையெல்லாம் அடித்துவிட்டு மறுபடி எடுத்தேன். முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

மாலைநேரத் தொழிற்கல்வி வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து டைரியில் இதை எழுதியவள் அதற்கு மேல் எழுதவில்லை. மத்தியானம் அண்ணன் கடைக்கு வந்ததை எப்படி எழுதுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் வேலை பார்ப்பது டீசல் பம்ப் பழுது பார்க்கும் கடையில். லாரிகள் வெளியே முற்றத்தில் நிற்கும். பம்பை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து கண்ணாடி அறைக்குள் பிரிப்பார்கள். மயிரிழைத் தூசி விழுந்தாலும் பம்ப் கெட்டுவிடும் என்பதால் செருப்பை வாசலிலேயே விட வேண்டும் என்பது கடையின் சட்டம். எதையும் இரண்டு முறை அளந்து பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் முதலாளி அவளுக்கு வைத்திருந்த பெயர் அளவுகோல்.

அன்று அண்ணன் அந்த அறைக்குள் ஒற்றைச் செருப்போடு வந்தான். இடது செருப்பை வாசலில் விட்டிருந்தான். வலது செருப்பு காலிலேயே இருந்தது.

"என்னய்யா எக்ஸ்பிரஸ், ஒரு காலுக்கு மட்டும் பாஸ் வாங்கி வச்சிருக்கியா?" என்றார் முதலாளி.

அண்ணன் குனிந்து பார்த்தான். பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. சிரித்துக்கொண்டே அதையும் உதறினான். "அவசரத்துல வந்தேன் முதலாளி. என் தங்கச்சிய ஒரு நாளைக்குக் கடனாக் குடுங்க. வண்டி ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது."

கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு மலைமேல் நடக்கும் அணைக்கட்டு வேலைக்குப் போவான் அண்ணன். பத்து வருஷமாக அந்த ஏற்றத்தில் அவன் வண்டிதான் முதலில் போய் நிற்கும். அதனால் வந்த பட்டம்தான் எக்ஸ்பிரஸ். இப்போது அதே பட்டத்தைச் சொல்லிச் சொல்லியே மற்ற டிரைவர்கள் சிரிக்கிறார்கள்.

"அந்த வத்தல் என்ன சொல்றான் தெரியுமா? என் வண்டிக்குப் பின்னாடி வந்தா ஏத்தம் முடியறதுக்குள்ள ஒரு தூக்கம் போடலாமாம். குட்டி, பம்புல டீசலைக் கொஞ்சம் கூட்டி விடு. ரெண்டே திருகு."

"ரெண்டு திருகா? அண்ணே, இது ரேடியோ இல்ல."

"தெரியும். பாட்டு வராது, புகை வரும். வரட்டுமே. புகை வந்தாத்தான் வண்டிக்கு உசுரு இருக்குன்னு அர்த்தம்."

அங்கேதான் எல்லா டிரைவர்களும் ஏமாறுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். டீசலைக் கூட்டலாம். காற்றை யார் கூட்டுவது? காற்றுக்கு மிஞ்சிய டீசல் முழுதாக எரியாமல் கறுப்பாகப் போகும். என்ஜினுக்குள் சூடு ஏறும். ஏறிக்கொண்டே போனால் ஒரு நாள் ஏற்றத்தின் பாதியில் பிஸ்டன் மெழுகாக உருகும். கூட்டுவதாக இருந்தால் முதலில் காற்று போகும் வழி, டீசல் வரும் வழி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதன்பின் புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். இதையெல்லாம் அவள் விளக்கிச் சொன்னாள். அண்ணன் கொட்டாவி விட்டான்.

"நீ சொன்னா சரிதான். ஞாயித்துக்கிழமை செய்யலாம். உங்க அண்ணிகிட்ட மட்டும் சொல்லாத. வண்டிய நோண்டுறேன்னா சாமியாடுவா."

சனிக்கிழமையே வண்டி முற்றத்துக்கு வந்துவிட்டது. அவள் வரிசையாகப் பார்த்தாள். காற்று வடிகட்டி சுத்தமாக இருந்தது. என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் குழாய்களில் சோப்பு நுரை தடவிப் பார்த்தாள், எங்கும் கசிவில்லை. நாசில்கள் ஆறும் டீசலைப் பனிமூட்டம் போல ஒரே சீராகத் தெளித்தன. பம்பைப் பெஞ்சில் ஏற்றினால் அதுவும் கம்பெனி சொன்ன அளவையே தந்தது. எல்லாம் சரியாக இருக்கும் வண்டி ஏன் இழுக்காது? எங்கேயோ எதையோ விட்டுவிட்டோம் என்று நினைத்து முதலிலிருந்து மறுபடி பார்த்தாள். மறுபடியும் எல்லாம் சரியாகவே இருந்தது.

கடைசியாக மிதி. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். இன்னொருவர் பம்பின் லீவர் தடுப்புத் திருகில் போய் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தான். அவளே ஏறி மிதித்தாள். முதலாளி கீழே குனிந்து பார்த்து, "முட்டுது அளவுகோல், நல்லா முட்டுது" என்றார். அவளும் டிக் போட்டுக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல், டீசல் அளவைக் கூட்டும் முழு லோடு திருகைத் துளி திருப்பினாள். மிகக் கொஞ்சம். டர்போவுக்கு முன்னால் புகைக்குழாயில் துளையிட்டு மீட்டரின் முனையைப் பொருத்தினாள். மீட்டரை டிரைவர் கண்ணில் படும்படி வைத்து, முள் தாண்டக்கூடாத இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டாள்.

"மேக்கப் எல்லாம் போடுற என் வண்டிக்கு" என்றான் அண்ணன்.

ஞாயிறு காலை ஜல்லி ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் நூற்பாலை இருந்தது. அண்ணி வேலை செய்யும் ஆலை. ஷிப்ட் விட்டுப் பெண்கள் சாலையை நிறைத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் ஹாரன் அடித்து, கூட்டத்தில் யாரையோ பார்த்துக் கையசைத்தான்.

"அண்ணி இன்னைக்கு லீவுதானே?"

"அது யாருக்குத் தெரியும்? கையாட்டி வச்சா சிநேகம் வளருது."

பாதை செங்குத்தானது. கியரைக் குறைத்தான். வண்டி முனகிக்கொண்டு ஊர்ந்தது. அவள் கண் மீட்டரை விட்டு நகரவில்லை. முள் கோட்டுக்கு எங்கோ கீழே சோம்பிக் கிடந்தது. பக்கக் கண்ணாடியில் புகையே தெரியவில்லை. இவ்வளவு பாரத்தோடு முழு மிதியில் ஏறும் வண்டி இப்படிக் குளிர்ந்திருக்காது. மீட்டரின் ஒயரை மாற்றிப் பொருத்திவிட்டேனா? மாற்றியிருந்தால் முள் கீழே போகும். இது மேலேதான் வந்திருக்கிறது, ஆனால் போதாமல் வந்திருக்கிறது. என்ஜினுக்குப் போதிய டீசல் போகவில்லை என்று அர்த்தம்.

"அண்ணே, முழுசா மிதி."

"தரையோட தரையா மிதிச்சிருக்கேன் குட்டி. இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுக்கு வந்துடும்."

அவள் குனிந்து பார்த்தாள்.

மிதி பாதியில் நின்றிருந்தது. அதன்மேல் அண்ணனின் வலது பாதம் அசையாமல் கிடந்தது. தொடையும் முகமும் முழு மூச்சாக அழுத்திக்கொண்டிருந்தன. பாதம் மட்டும் எதுவும் தெரியாததுபோல இருந்தது. என்ஜின் மூடியின் ஓரம் உரசும் இடத்தில், சுண்டு விரலுக்குப் பக்கத்தில், ஒரு கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

பாதை அங்கே நேராக இருந்தது. முன்னால் வண்டி எதுவும் இல்லை. அவள் கையை நீட்டி அண்ணனின் பாதத்தின்மேல் வைத்து மெதுவாக அழுத்தினாள்.

வண்டி சிலிர்த்துக்கொண்டு எழுந்தது.

"ஆங்! பிடிச்சிடுச்சு!" அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டினான். "பாத்தியா? கொஞ்சம் சூடாகணும் இதுக்கு! அப்படிப் போடு என் ராஜா! குட்டி, நீ கைராசிக்காரி!"

அவள் கை அவன் காலின்மேல்தான் இருந்தது. அவன் கீழே பார்க்கவில்லை. பார்க்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

கையை எடுத்தாள். வண்டி மறுபடி முனகத் தொடங்கியது. அண்ணன் கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கினான்.

"அந்த அகலமான இடத்துல ஓரமா நிறுத்துண்ணே."

நிறுத்தினான். ஏற்றமாக இருந்தும், அவள் நினைத்த இடத்தைத் தாண்டித்தான் வண்டி நின்றது.

"பிரேக்கும் இப்படித்தான், பஞ்சு மாதிரி. இந்த மாசத்துல மட்டும் ரெண்டு தடவை டைட் வச்சாச்சு. அந்த மெக்கானிக்குக்கு ஒரு எழவும் தெரியல."

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டாள். இறங்கி ஒரு பெரிய கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். திரும்ப ஏறி உட்கார்ந்தாள்.

"அண்ணே. நான் உன் காலை அமுக்கினேன்."

"எப்ப?"

"பிடிச்சிடுச்சுன்னு கத்தினியே. அப்ப."

அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். கட்டை விரலை அசைக்க முயன்றான். அது அசைந்ததா என்பதைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டான். கொப்புளத்தை விரலால் தொட்டுவிட்டு, ஈரமான விரலைச் சட்டையில் துடைத்தான்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"மொதல்ல அப்பப்ப மரத்துப் போகும். உதறினா வந்துடும். அப்புறம் உதறினாலும் வரல. சக்கரை இருக்குன்னு போன வருஷம் சொன்னாங்க. சக்கரை யாருக்குத்தான் இல்ல?"

கீழிருந்து ஒரு பஸ் அவர்களைக் கடந்து மேலே போனது.

"குட்டி," என்றான் பிறகு. குரல் இறங்கியிருந்தது. "உன்னால முடியும். மிதியிலேருந்து பம்புக்குப் போற கம்பி இருக்கில்ல, அதை லீவர்ல வேற துளைக்கு மாத்திடு. நான் பாதி மிதிச்சாலே லீவர் முழுசாப் போகணும். பத்து நிமிஷ வேலை. யாருக்கும் தெரிய வேணாம்."

அவளால் முடியும். லீவரில் அந்தத் துளை எங்கே இருக்கிறது என்பது கூடக் கண்ணில் நின்றது. ஸ்பேனர் மடியிலேயே இருந்தது. அண்ணன் இதுவரை தன்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பிரேக்குக்கு எந்தத் துளைக்கு மாத்தறது அண்ணே?"

அவன் பார்வை பிரேக் மிதிக்கு இறங்கியது.

"கீழ மில்லு விடற நேரம். இறக்கத்துல வர்ற. மிதிச்சிட்டேன்னு நீ நினைச்சுக்கிட்டு இருப்ப."

"வாயை மூடு."

"அண்ணியும் அந்தக் கூட்டத்துலதான்…"

"மூடுன்னு சொன்னேன்ல!"

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்திருந்தான். அப்புறம் கதவைத் திறந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து மறுபக்கக் கதவை எட்டித் தட்டினான்.

"தள்ளி உக்காரு. வத்தலுக்குப் போன் போடு. மேலதான் இருப்பான்."

வத்தல் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஒல்லியான ஆள், வாய் மட்டும் பெரிசு. "என்ன எக்ஸ்பிரஸ், இஸ்டேஷன் இல்லாத இடத்துல நின்னுட்ட?"

"காலு சுளுக்கிடுச்சு. நீ ஓட்டு" என்றான் அண்ணன்.

அவள் முட்டுக் கல்லை எடுத்துவிட்டு நடுவில் ஏறிக்கொண்டாள். வத்தல் மிதித்தான். தரையோடு தரையாக மிதித்தான். லாரி உறுமிக்கொண்டு ஏற்றத்தில் பாய்ந்தது. பின்னால் புகை கறுப்பாகக் கிளம்பியது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு, தாண்டியது.

"யோவ், இதுவா இழுக்கல? புலி மாதிரி பாயுது! இத்தனை நாளா எங்கள ஏமாத்திக்கிட்டா இருந்த?"

"மிதியைக் குறைங்கண்ணே," என்றாள் அவள். "கோட்டுக்குக் கீழ வைங்க."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தன் வண்டியில் அந்தப் பக்கத்துச் சீட்டில் அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவன் கை சீட்டில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. கியர் அந்தப் பக்கம் இல்லை.

சாயங்காலம் வீட்டில் அண்ணி ஒரு சொல்கூடச் சத்தமாகப் பேசவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து அவன் பாதத்தைத் துடைத்தாள். தண்ணீர் சூடு அதிகமா என்று பழக்கத்தில் அவனைக் கேட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் கையை விட்டுப் பார்த்தாள்.

"வெயில்ல தார் ரோட்டுல நின்னேன், கொப்புளிச்சிடுச்சுன்னு சொன்னாரு," என்றாள் நாத்தனாரிடம். "நம்பிட்டேன் பாரு. பக்கத்துல படுக்கற ஆளு."

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பம்புக்குத் திருகு இருக்கு, கூட்டற, குறைக்கற," என்றான். "என் காலுக்கு எங்கயாச்சும் ஒரு திருகு இருந்தாச் சொல்லு குட்டி."

மூவரில் யாராவது சிரித்திருக்கலாம். அவள் எழுந்து தன் இடத்துக்கு வந்து எழுதினாள்.

மார்ச் 15, ஞாயிறு. மிதியைச் சோதித்தபோது நான் ஏறி மிதித்தேன். வண்டி ஓட்டுகிறவரை மிதிக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நேற்றே தெரிந்திருக்கும். பாரம் ஏற்றி அந்தக் கூட்டத்துக்கு நடுவே அவரை ஓட்ட விட்டிருக்கமாட்டேன். இன்று நான் செய்தது சரிதானா என்று தெரியவில்லை. கம்பியை மாற்றித் தரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நாளைக் காலை அண்ணி அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். நான் கடைக்குப் போய் அண்ணன் வண்டியின் பம்பைக் கழற்ற வேண்டும். முழு லோடு திருகைப் பழைய அளவுக்கு இறக்கி, சீல் வைத்து, மத்தியானத்துக்குள் திரும்பப் பூட்ட வேண்டும். இனி அண்ணனுக்குப் பதில் அந்த வண்டியை வத்தல் ஓட்டுவார். அவர் முழுசாக மிதிப்பார்.