ஷரீபா கொண்டுபோன வெள்ளைத் துணி

எலும்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் அதிகாரி. கசாப்புக் கடையில் கேட்பது மாதிரிதான் கேட்டார்.

மெயின்லேண்டிலிருந்து விசாரணைக்கு வந்தவர் அவர். வெள்ளிக்கிழமைக் கப்பலில் திரும்பிவிடுவார். அதற்குள் ஆதாரம் வேண்டும், இல்லாவிட்டால் ஃபைலை மூடிவிடுவார். எதிரே உட்கார்ந்திருந்த ஷரீபாவுக்கு இருபத்தெட்டு வருஷமாக நெஞ்சில் கிடப்பதெல்லாம் அவருக்கு ஆதாரமாகத் தெரியவில்லை.

நாற்பத்தைந்தில், தீவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான்காரன் தோற்று ஓடப்போகிற நேரம். சாப்பாட்டுக்கு வழியில்லை, வேறு தீவில் விவசாயம் பார்க்கலாம் என்று ஆசை காட்டி நூற்றுக்கணக்கான பேரைப் படகில் ஏற்றினான். ஹேவ்லாக் தீவின் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கடலில் தள்ளினான். நீந்திக் கரை சேர்ந்தவர்களும் அந்தக் காட்டில் பட்டினி கிடந்தே செத்தார்கள். தீவில் இது எல்லோருக்கும் தெரியும், சர்க்காருக்கு மட்டும் தெரியாது. ஷரீபாவின் புருஷன் அப்துல் வஹாப் அந்தப் படகில் போனவர். மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு, போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உன் கணவர் இறந்துவிட்டாரா?" என்று இந்தியில் கேட்டார் அதிகாரி.

"கூட்டிட்டுப் போனாங்க சார்" என்றாள் ஷரீபா.

அவளால் அதற்கு மேல் சொல்ல முடிந்ததில்லை. கழுத்தில் கல்யாணத்தன்று கட்டிய கருகமணி கிடந்தது. மவுத்து, சாவு என்ற வார்த்தையை அவர் பேரோடு சேர்த்து அவள் வாய் ஒருநாளும் உச்சரிக்கவில்லை. அதிகாரி கருகமணியைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

வெளியே ஜெயமணி காத்திருந்தாள். சிலோன் தோட்டத்துக்காரி. ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அண்ணனை உயிரோடு கொளுத்தியதைக் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்திருந்து பார்த்தவள். அவளும் ஷரீபாவும் ஹேவ்லாக்கில் குடியேறிய வங்காளி பிரபுல்ல மண்டலும் சேர்ந்துதான் ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். பெண்களுக்கு அவர் தாதா, அண்ணன்; அவருக்கு அவர்கள் தீதி, அக்கா. ஊர் ஊராகக் கொன்றவர்கள் வேறு வேறு ஆட்கள், செத்தவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்காதது மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதனால் மூன்று பேரும் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் அவரவர் கதையைச் சொன்னார்கள். கொன்றவன் பேரோடு இது எழுதப்பட வேண்டும், பாடத்தில் வர வேண்டும், செத்தவர்களுக்கு ஒரு கல் வேண்டும் என்று மனுமேல் மனு போட்டார்கள். அந்த அதிகாரி வந்ததே அவர்கள் கத்திய கத்தலில்தான்.

"எலும்பு கேக்கறாரு" என்றாள் ஷரீபா.

"பிரபுல்ல தாதா ஒருதரம் சொன்னாருங்களே அக்கா. அவுங்க காடு திருத்தினப்ப கரையில எலும்பு கெடந்திச்சின்னு."

மறுநாள் காலைப் படகில் இருவரும் ஹேவ்லாக் போனார்கள். ஷரீபா மடியில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். பிரித்தால் புது வெள்ளைத் துணி, இறந்தவரைப் போர்த்தி அடக்கும் கபன் துணி. யாருக்கு என்று ஜெயமணி கேட்கவில்லை. எந்தப் பாவப்பட்டவங்க எலும்போ, மூடித்தான எடுத்துட்டு வரணும் என்று ஷரீபா தானாகவே சொன்னாள். படகு நடுக்கடலில் போகும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிரபுல்ல மண்டல் அவர்களைத் தென்னந்தோப்புக்குள் அழைத்துப் போனார். கரையோரம் ஒரு மேடு இருந்தது. அதன்மேல் ஏறி நின்றார்.

"எங்கே தாதா?" என்றாள் ஷரீபா.

"இல்லை தீதி" என்றார் அவர், தீவு இந்தியில். "எரித்துவிட்டேன்."

சொந்த ஊரான பரிசாலில், கலவரத்தின்போது அவருடைய அப்பாவை வெட்டி ஆற்றில் போட்டார்கள். கொள்ளி வைக்க ஓர் எலும்பு கிடைக்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த மனுஷன், சர்க்கார் கொடுத்த நிலத்தைக் கொத்தினால் மண்ணுக்குள்ளிருந்து யார் யாருடைய எலும்போ வருகிறது. அவருக்குத் தெரிந்த மரியாதை ஒன்றுதான். குடியேறிய நாலைந்து வங்காளிகள் சேர்ந்து எல்லாவற்றையும் பொறுக்கிக் கழுவி, விறகு அடுக்கி, கொள்ளி வைத்து, சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். மொட்டையும் போட்டுக்கொண்டார்கள். நல்ல மனசோடு ஆதாரத்தை முழுசாக எரித்து முடித்தார்கள். சங்கம் சேர்ந்தபோது எலும்பு கிடந்ததைச் சொன்னவர், எரித்ததையும் சொன்னால் ஷரீபா முகத்தில் எப்படி விழிப்பது என்று பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

ஷரீபா அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

"எரிச்சீங்களா? எங்க ஆளுங்கள நெருப்புல போட்டீங்களா? மண்ணுக்குத்தான தாதா நாங்க குடுப்போம். அது ஏற்கெனவே மண்ணுலதான இருந்துச்சு. அப்படியே விட்டுருக்கக் கூடாதா?"

ஜெயமணி அவள் தோளைப் பிடித்தாள். தன் அண்ணனை எரித்ததைப் பார்த்த கண்ணுக்கு இதுவும் தாங்கவில்லை, அவளும் அழுதாள். பிரபுல்ல மண்டல் கையைக் கட்டிக்கொண்டு தண்டனைக்கு நிற்பவர்போல நின்றார்.

அழுது ஓய்ந்த பிறகு ஷரீபாவுக்கு ஆத்திரம்தான் மிஞ்சியது. "எலும்பத்தான் எரிச்சீங்க. பார்த்த கண்ணு இருக்குல்ல. வந்து அந்த ஆபீசர்கிட்ட சொல்லுங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்கு அப்துல் வஹாபின் தம்பி காதரும் வந்திருந்தான். அதே ஊரில் டாலிகஞ்சில் கடை வைத்திருப்பவன், ஜமாஅத்தில் செயலாளர். அந்தக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் ஷரீபா இத்தனை வருஷமும் தையல் மெஷின் மிதித்துக் காலம் தள்ளினாள். மதினியின் முறையீட்டுக்குத் துணையாக வந்தவனுக்குக் கேட்டதெல்லாம் புதுச் செய்தி.

பிரபுல்ல மண்டல் ஒளிக்காமல் சொன்னார். மணிக்கட்டில் கம்பி சுற்றியிருந்த கை எலும்புகளைச் சொன்னார். சின்னப் பிள்ளையின் தாடையைச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார், எரித்த இடம் வந்ததும் பேனா நின்றது.

"போலீசுக்குச் சொன்னாயா?"

"இல்லை சாப்."

"மனித எலும்பைச் சொல்லாமல் கொள்ளாமல் எரித்திருக்கிறாய். இதை நான் எழுதினால் முதல் கேஸ் உன்மேல்தான். நிலமும் போகும். எழுதட்டுமா, எழுதினதை அடித்துவிடட்டுமா?"

பிரபுல்ல மண்டல் அதிகாரியின் பேனாவையே பார்த்தார். அந்த நிலம் போனால் அவர் பிள்ளைகள் மறுபடியும் அகதி. அடித்துவிட்டால் செத்தவர்கள் மறுபடியும் சாகவேயில்லை என்றாகிவிடும். ஷரீபா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவரை இங்கே இழுத்து வந்து நிறுத்தியது அவள் ஆத்திரம்தான்.

அதிகாரியும் அடியோடு கல் இல்லைபோலும். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உறவுக்காரர் யாராவது சொல்லிச் செய்திருந்தால் அது வேறு விஷயம்" என்றார்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் ஷரீபா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மதினி, சோச் சமஜ்கே, யோசிச்சுப் பேசுங்க" என்றான் காதர் தாழ்ந்த குரலில். "என்ன வார்த்தை இது? அண்ணன நெருப்புல போடச் சொன்னேன்னு சொல்றீங்களா? நாளைக்கு ஜமாஅத்துல நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்? அப்புறம் அந்த ரூம்ல நீங்க எப்படி இருப்பீங்க?"

ஷரீபா அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உடைந்திருப்பாள்.

"எழுதுங்க சார். அதுல என் வீட்டுக்காரர் இருந்தாங்க. நான் சம்மதம் குடுத்துத்தான் எரிச்சாங்க."

"உன் கணவர் இறந்துவிட்டாரா?"

ஷரீபா கையால் கருகமணியைப் பற்றிக்கொண்டாள்.

"மவுத்தாயிட்டாங்க" என்றாள்.

காதர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினான். அதிகாரி எல்லாவற்றையும் எழுதி, அவள் விரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டார். இனி கல் வருமா, பாடத்தில் வருமா, எவனாவது பதில் சொல்வானா என்பது டெல்லிக்கே வெளிச்சம்.

வெளியே காத்திருந்த ஜெயமணியும் சேர்ந்துகொள்ள, மூவரும் ஜெட்டிவரை நடந்தார்கள். கப்பல் கிளம்பத் தயாராக நின்றது. ஷரீபா ஓரமாக உட்கார்ந்து கருகமணியைக் கழற்றினாள். கல்யாணத்திலிருந்து அது கிடந்த இடத்தில் கழுத்து வெறிச்சென்றிருந்தது. அதைக் கபன் துணியில் வைத்து மடித்தாள். மடிக்க அது ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

"தாதா" என்றாள். "எரிச்சப்ப என்ன பேர் சொல்லிக் கொள்ளி வச்சீங்க?"

பிரபுல்ல மண்டல் தலையைக் குனிந்துகொண்டார். "யார் பேரும் தெரியாதே தீதி. எங்கப்பா பேரைத்தான் சொன்னேன். எல்லாருக்கும் எங்கப்பா பேரையே சொன்னேன்."

ஷரீபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த மடித்த துணியை அவர் கையில் வைத்தாள்.

"அந்த மேட்டுலயே கொண்டுபோய்ப் பொதச்சிடுங்க. பொதைக்கும்போது பேர் சொல்லுங்க. அப்துல் வஹாப்."

"அப்துல் வஹாப்" என்றார் அவர். ஜெயமணியும் சொன்னாள்.

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்றாள் ஷரீபா. மவுத்துக்கு ஓதும் அந்த வசனத்தைப் புருஷனுக்காக அவள் ஓதியது அதுதான் முதல் தடவை.