கண் போகும் வழி

“கை மட்டும் தெரியக் கூடாதும்மா. மத்தபடி எப்படி வேணாலும் எடு.”

ஸ்டூடியோவுக்குள் வந்து உட்காருவதற்கு முன்பே அய்யம்மாள் இதைச் சொல்லிவிட்டாள். பின்னால் நின்ற மகள் மகாலட்சுமி வலது கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். நூல்மில்லில் வேலை பார்த்தபோது மிஷினில் சிக்கி இரண்டு விரல்கள் போய்விட்டன. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வருகிறது. பையன் போலீஸ். போட்டோ கேட்டிருக்கிறார்கள். முன்பு பெண் பார்க்க வந்தவர்கள் கையைப் பார்த்ததும் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள்.

முத்துப்பேச்சி ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் தனியாக ஸ்டூடியோ நடத்துபவள். படம் எடுப்பதைத் தன் தப்புகளிலிருந்தே கற்றுக்கொண்டாள். தொழிலுக்கு வந்த புதிதில் ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் பின்னணியாக வைத்து ஒரு கல்யாண ஜோடியை எடுத்தாள். ஆல்பம் வந்தபிறகுதான் மாப்பிள்ளையின் உச்சந்தலையில் கோபுரம் கொம்பு மாதிரி முளைத்திருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைச் சுற்றி இருப்பதைப் பார்க்க ஆரம்பித்தாள். சுவர் விளிம்போ மின்கம்பியோ, கோடு எதுவானாலும் கண் அதன் பின்னாலேயே போகும். இருட்டில் துளி வெளிச்சம் இருந்தால் அங்கே போய் நின்றுவிடும். சுற்றிலும் வெற்றிடம் விட்டால் ஒற்றை ஆள்கூடப் படம் முழுவதையும் நிறைத்துவிடுவார்.

நீலத் திரைக்கு முன்னால் நிறுத்தியதும் மகாலட்சுமியின் தோள்கள் ஒடுங்கின. கையை ஒளித்ததில் முகமும் சேர்ந்து ஒளிந்துகொண்டது.

“நீ எங்கம்மா வேலை பாக்க?”

“சத்திரப்பட்டியில, பேண்டேஜ் துணிக் கம்பெனியிலக்கா.”

“அங்கேயே எடுப்போம். காலையில வாரேன்.”

மறுநாள், வெளுத்த துணியைக் காயப்போட்டிருந்த களத்தில் வரிசை வரிசையாக வெள்ளைக் கோடுகள். முத்துப்பேச்சி தரையில் குத்தவைத்து, அத்தனை கோடுகளும் மகாலட்சுமியின் முகத்துக்கு ஓடும்படி கோணம் பிடித்தாள். அவளை ஓரமாக நிறுத்தி, மறுபக்கத்தை வெறும் வெள்ளையாக விட்டாள். வலது கை ஒரு துணிக்குப் பின்னால் போனது. மறைத்திருப்பதாக யாருக்கும் தோன்றாது. படத்தைப் பார்த்த அய்யம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எம்புட்டு லட்சணமா இருக்கா எம்மக!” என்றாள். முத்துப்பேச்சிக்கும் பெருமைதான். படத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மகாலட்சுமி தனியாக வந்தாள்.

“போட்டோ அவியளுக்குப் பிடிச்சிருச்சாம். ஞாயித்துக்கெழம வாராவ.”

“நல்ல சேதிதானட்டி.”

“காப்பித் தட்ட எந்தக் கையால பிடிக்கன்னு தெரியலக்கா.”

“அவியகிட்ட இன்னும் சொல்லலையா?”

“பொறவு சொல்லிக்கலாம்ங்குது அம்மா. இன்னொருக்கா எந்திரிச்சுப் போறவியள என்னால பாக்க முடியாதுக்கா. வாரதுக்கு முன்னாலயே தெரியட்டும்.”

முத்துப்பேச்சி அந்தப் படத்தை மறுபடி திறந்தாள். அவள் இழுத்த ஒவ்வொரு கோடும் அந்தக் கையிலிருந்து கண்ணைத் தூரமாகக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. இத்தனை அழகாக ஒரு பொய்யைச் சொல்லத் தனக்குத் தெரியும் என்பதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கேமராவை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

களத்தில் முதலில் கையை நடுவில் வைத்து எடுத்தாள். ஆஸ்பத்திரியில் எடுத்த படம்போல வந்தது. கிட்டப் போனால் கைதான் இருந்தது, ஆள் இல்லை. “செத்த நேரம் ஒன் வேலையப் பாரு,” என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள். மகாலட்சுமி துணிகளை உருவி மடிக்கத் தொடங்கினாள். சற்று நேரத்தில் கேமராவை மறந்தாள். மலைப்பக்கமிருந்து காற்று எழுந்து ஒரு துணியைத் தூக்கியது. அது பறந்துவிடாமல் வலது கையை வீசி, மிச்சமிருந்த மூன்று விரல்களால் எட்டிப் பிடித்தாள். துணி சாய்ந்த கோடாக இறங்கி அந்த விரல்களில் முடிந்தது. அங்கிருந்து கண் முழங்கை வழியாக ஏறி, காற்றைத் திட்டிக்கொண்டே சிரிக்கும் முகத்துக்கு வந்தது. முத்துப்பேச்சி அழுத்தினாள்.

மகாலட்சுமி அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் செல்லுக்கு வாங்கி, அதிலிருந்தே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினாள். அம்மாவுக்கும் அனுப்பினாள்.

சாயங்காலம் அய்யம்மாள் ஸ்டூடியோவுக்குள் கொதித்துக்கொண்டு வந்தாள். மகள் பின்னாலேயே வந்தாள்.

“ஒன்ன நம்பித்தான கூட்டியாந்தேன்? ஏட்டி, எம்மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!”

முத்துப்பேச்சி நாற்காலியைத் தள்ளி வழிவிட்டாள். படம் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாகத் திறந்திருந்தது. செல்லில் நகத்தளவு பார்த்ததற்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம். அய்யம்மாள் திரைக்குக் கிட்ட வந்தாள். மில்லில் அடிபட்ட நாளிலிருந்து வீட்டில் அந்தக் கை துண்டுக்குள்ளோ துப்பட்டாவுக்குள்ளோதான் இருந்தது.

“இந்தக் கையாலயா துணி மடிக்க?”

“ஆமா.”

“வலிக்காதாட்டி?”

“குளிருக்கு மட்டும் செத்த வலிக்கும்மா.”

அப்போது அய்யம்மாளின் இடுப்பில் செருகியிருந்த செல் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் நம்பர். அவள் எடுக்கவில்லை, துண்டிக்கவுமில்லை. இரண்டு முறை முழுதாக அடித்து ஓய்ந்து, மூன்றாவது முறை அடித்தபோது மகளிடம் நீட்டினாள்.

“நீயே பேசு.”

மகாலட்சுமி துப்பட்டாவை விலக்கி, வலது கையால் வாங்கினாள்.