தொப்பூரைத் தாண்டிய நேரம்

செக்யூரிட்டிப் பெண் பையைத் திறந்தாள். உள்ளே பத்து எலுமிச்சம்பழம்.

"இது எதுக்குங்கய்யா?"

"டயருக்கடியில வெக்கறதுக்குங்க. பிளேனுக்கு எத்தனை டயருன்னு தெரியலீங்க. என்ற வண்டிக்குப் பத்து."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பைலட் பாத்துக்குவாருங்க. நீங்க போங்க."

பூபதி முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவர். சேலத்திலிருந்து சென்னை என்றால் அவருக்கு முந்நூற்று நாற்பது கிலோமீட்டர், எட்டு மணி நேரம், நாலு டீ, ஒரு குட்டித் தூக்கம். காலையில் எடப்பாடியில் நூல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது மனைவி கோகிலவாணி சென்னையிலிருந்து கூப்பிட்டாள். மகள் நித்யஸ்ரீக்கு அடுத்த வாரம் என்றிருந்த பிரசவம், இன்றைக்கு மூன்று மணிக்கே ஆபரேஷனாம். பூபதி அந்த எட்டு மணி நேரத்தை நினைத்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். நித்யஸ்ரீ பிறந்தபோது அவர் நாக்பூரில். மகள் முகத்தைப் பதினோராம் நாள்தான் பார்த்தார்.

முதலாளி குணசீலன் டிக்கெட் போட்டு, காமலாபுரம் ஏர்போர்ட் வாசலில் இறக்கிவிட்டார்.

"நெசமா ஒரு மணி நேரந்தானுங்களா?"

"ஒரு மணி நேரந்தான். நீ ஓட்டப் போறதில்லையே!"

கோகிலவாணிக்குப் போன் செய்தார். "பிளேன்ல வாரேன். ரெண்டு மணிக்கு அங்க இருப்பேன்."

"ஆமாங்க, ராக்கெட்லயே வாங்க" என்று வைத்துவிட்டாள்.

இறக்கைக் காற்றாடி சுழன்றது. வண்டி ஓடியது, எழும்பியது. ஜன்னலுக்குக் கீழே மேட்டூர்த் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் கிடந்தது. பிறகு ஒரு மலை மடிப்பு. அதில் நூலாக ஒரு சாலை. பூபதி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். தொப்பூர் கணவாய்! பிரேக் பிடிக்காமல் பதினாறு டன் இரும்போடு அவர் உருண்டுவந்த இறக்கம். இன்றுவரை அங்கே ஸ்டீயரிங்கைப் பிடித்தால் உள்ளங்கை வேர்க்கும். கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தார். கணவாய் முழுக்க நகத்துக்குள் அடங்கியது. விரலை எடுத்தபோது கணவாயையே காணோம். அவ்வளவுதானா? இதற்குள்தான் முப்பது வருஷமும் ஓடினோமா? பயமில்லை. கோபுரத்தின் கீழ் நின்று அண்ணாந்தால் வருமே, அந்த நடுக்கம். இங்கே குனிந்து பார்க்கும்போது வந்தது.

இரண்டு மணிக்கு மீனம்பாக்கம். வெளியே வந்ததும் போன்.

"கோகிலா, மெட்ராஸ் வந்துட்டேன்!"

"தர்மபுரில நின்னுட்டுக் கிருஷ்ணகிரி தாண்டிட்டேன்னு சொல்ற ஆளுதானுங்களே நீங்க?"

போனை ஒலிபெருக்கியின் விமான அறிவிப்புக்கு நேராக நீட்டினார். மறுமுனையில் அவள் குரல் உடைந்தது.

"அய்யோ சாமி, நெசமாத்தானா! அப்பாவப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்னு புள்ள சொன்னாளுங்க. டாக்டரம்மாவும் கொஞ்ச நேரம் பொறுக்கலாம்னாங்க. நாந்தான், அவரு வர ராத்திரியாகும், மூணு மணி வரைக்கும் எதுக்கு, இப்பவே கூட்டிட்டுப் போங்கன்னுட்டேன்."

பூபதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஓடினார். ஆஸ்பத்திரி இருக்கும் வடபழனிக்கு ஆட்டோ. பத்துக் கிலோமீட்டர்தான். கத்திப்பாராவில் பஸ், கார், டேங்கர் லாரி, எல்லாம் ஒட்டிக்கொண்டு நின்றன. பத்து நிமிஷம். இருபது. ஒரு சக்கரம் அசையவில்லை. துண்டிக்காமல் வைத்திருந்த போன் காதில் சுட்டது. அதில் செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், கோகிலவாணியின் மூச்சு.

சட்டென்று ஒரு மெல்லிய கீச்சு.

"அண்ணா, எஞ்சினை ஆஃப் பண்ணுங்க!"

ஆட்டோக்காரர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். சாவியைத் திருகினார். இறங்கி நின்று பின்னால் ஹாரன் அடித்த பஸ்ஸை நோக்கி இரண்டு கைகளையும் தூக்கினார். ஹாரன் நின்றது. பூபதி கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டார். பாலத்துக்கு மேல் ஒரு விமானம் தாழப் போனது. அந்த இரைச்சலுக்கு அடியில், காதோரம், நிறுத்தாமல் அழுதுகொண்டிருந்தது ஒரு புதுக் குரல்.