பிரிம்லோ வேலிகளில் கட்டிய பைகள்

எங்கள் பகுதி நூலகத்தின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த பேச்சு அறிவிப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். 'பிரிம்லோ கவுண்டி: மாட்டுப் பண்ணைகளின் வரலாறும் பார்க்க வேண்டிய இடங்களும்' என்று மேலே பெரிய எழுத்து. கீழே எங்கள் கல் கொட்டிலின் படம்.

எங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் தொழுகை முடிந்த கையோடு டொரொன்டோவின் டோர்செட் பார்க்கிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் ஓடி, அந்தக் கொட்டிலில்தான் நாங்கள் மாடு அறுத்துக் குர்பான் கொடுக்கிறோம். முப்பது வருடமாக அதுதான் வழக்கம். பண்ணைக்காரக் கிழவர் இருந்தவரைக்கும் கேள்வி இல்லை. போன பெருநாளுக்குப் பிறகு அவர் காலமானார். கொட்டிலைக் கவுண்டி நிர்வாகத்தினர் வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அடுத்த பெருநாளுக்கு எங்கே போவது என்பதுதான் அன்றிலிருந்து வீட்டில் பேச்சு.

"பெரிய திரையில காட்டுவினமோ?" என்று வாப்பா கேட்டார். அவர் பெயர் மர்சூக். எழுபத்தாறு வயது. பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு புறப்பட்டார்.

பேச வந்தவர் ஜூலி. கவுண்டியின் சுற்றுலாப் பொறுப்பாளர். பிரிம்லோவிலேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல பெண்தான், சிரித்துச் சிரித்து ஆங்கிலத்தில் பேசினார். முதல் பண்ணை வீடு, மாடுகளை ரயிலில் ஏற்றிய மேடை, ஏலம் போட்ட முற்றம் என்று படங்கள் ஓடின. பிறகு கொட்டில் வந்தது. வாப்பா கதிரையின் நுனிக்கு நகர்ந்தார்.

"நூற்றிருபது வருடப் பழைய கட்டடம். இறைச்சி வெட்டும் இடமாக இருந்தது. அறுபதுகளுக்குப் பிறகு இங்கே குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் இதை அருங்காட்சியகமாக்கப் போகிறோம்."

குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பிள்ளைகள் முழுப் பஸ்ஸும் கத்தினாலும் என் குரல் மேலே கேட்கும். வாயைத் திறக்கப் போனேன். வாப்பா என் முழங்கையைப் பிடித்தார்.

"பேசாம இரு மகள்."

இருந்தேன். அடுத்த படம் கல் தேவாலயம். ஜூலியின் குரல் தணிந்தது.

"இது எங்கள் ஊரின் அதிசயம். ஒவ்வொரு வருடமும் ஒருநாள், கஷ்டப்படுகிற வீடுகளின் வேலிக் கதவில் இறைச்சிப் பை தொங்கும். யார் கட்டுவது என்று தெரியாது. தேவாலயத்து நல்லவர்கள் என்று நம்புகிறோம். விசித்திரம் என்னவென்றால், நாள் ஒருபோதும் ஒன்றாக இருக்காது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பனிக்குள் வந்தது. இப்போதெல்லாம் கோடையில் வருகிறது. கடவுள் நினைத்த நாளில் வரும் என்று அம்மா சொல்லுவார்."

சபை உருகிப்போய்க் கேட்டது. நான் வாப்பாவைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பைகளைக் கட்டியது நாங்கள். குர்பான் இறைச்சி மூன்று பங்கு: வீட்டுக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று, இல்லாத அயலவருக்கு ஒன்று. எங்கே அறுக்கிறோமோ அந்த ஊர்தான் அயல் என்று வாப்பா ஆரம்பத்திலேயே தீர்த்துவிட்டார். எந்த வீட்டில் வேலை இல்லை, எந்த வீட்டில் நோயாளி என்று கிழவர் சொல்லுவார். ஐஸ் போட்டுப் பைகளைச் செம்மஞ்சள் கயிற்றால் கட்டிவிட்டு, யாரும் பார்க்குமுன் வானை ஓட்டிக்கொண்டு போய்விடுவோம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் நன்மை அழிந்துபோகும் என்பது வாப்பாவின் பயம். கிழவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். மனுசன் அதைக் காப்பாற்றிக் குழிக்குள் கொண்டுபோய்விட்டார்.

நல்ல வேலை செய்தோம். எங்களை நாங்களே அழித்துவிட்டு, கொட்டிலும் பறிபோக, தேவாலயத்துக்குக் கைதட்டிக்கொண்டு இருக்கிறோம்.

"வாப்பா, நான் சொல்லப்போறன்."

"குடுத்ததைச் சொல்லிக் காட்டக்கூடாது. உனக்குத் தெரியாதோ?"

"குடுத்ததைச் சொல்லேல்லை. இருந்ததைச் சொல்லப்போறன். தொண்ணூறில யாழ்ப்பாணத்தில இருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் கலைச்சு விட்டேக்க ஒரு கதை கதையாம உம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தீங்கள். ஒருக்காப் பேசாம வந்ததே காணும், இனிப் பேசுவன்."

அவருடைய கை என் முழங்கையிலிருந்து விலகியது. அனுமதியா, கோபமா என்று பார்க்க நான் காத்திருக்கவில்லை. எழுந்தேன்.

"பனிக்குள் பை வந்த வருடம் உங்களுக்கு என்ன வயது?" என்று ஜூலியை ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஒன்பது. 2005. ஜனவரி மாதம்."

"அது எங்கள் ஹஜ்ஜுப் பெருநாள். எங்கள் மாதங்கள் பிறை பார்த்து வருவதால் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முந்தும். அதிசயம் ஒன்றும் இல்லை. அடுத்த பை மே மாதக் கடைசியில் வரும். செம்மஞ்சள் கயிற்றில் இரண்டு முடிச்சு. ஒரு முடிச்சென்றால் காற்றுக்கு விழுந்துவிடும். சரியா?"

ஜூலியின் முகத்தில் சிரிப்பு மறைந்தது.

"இரண்டு முடிச்சு," என்றார் மெதுவாக. "அப்பாவுக்குக் கால் உடைந்த வருடம் அது. தேவாலயத்துக்கு அம்மா நன்றி அட்டைகூட அனுப்பினார்."

"அட்டை வேண்டாம். அறுபதுகளுக்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை என்ற வசனத்தை எடுங்கள். முப்பது வருடமாக நாங்கள் அங்கே இருந்தோம். இனியும் வருவோம். கதவைப் பூட்டினால் ரோட்டில் நின்று தட்டுவோம்."

பின்வரிசையில் யாரோ அதிகப்பிரசங்கி என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும்.

அதன் பிறகு வாப்பா மாதக்கணக்கில் என்னோடு அளந்துதான் பேசினார். அது எனக்கு வலித்தது, ஆனால் வருத்தப்படவில்லை.

ஏப்ரலில் ஜூலி என்னைப் போனில் கூப்பிட்டார். இந்த வருடக் குர்பானைக் கொட்டிலில் நடத்தலாம்; அடுத்த வருடத்துக்குக் கவுண்டிக் குழு இன்னும் முடிவு செய்யவில்லை, ஒருவர் கடுமையாக எதிர்க்கிறார். அந்த வசனத்தை எடுத்தாயிற்று என்றும் சொன்னார்.

பெருநாளுக்கு முதல்நாள் குசினி மேசையில் வெறும் பைகளைப் பரப்பி, தடித்த மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றிலும் எழுதினேன்: மர்சூக் குடும்பம், டோர்செட் பார்க், டொரொன்டோ. ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. வாப்பா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். பைகளைக் கிழிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். கிழித்தால் புதுசு வாங்கி எழுதுவது என்று மனதுக்குள் முடிவும் கட்டிவிட்டேன்.

ஒரு பையைத் தூக்கி, கண்ணாடியை உயர்த்தி வாசித்தார்.

"அரைகுறையா எழுதியிருக்கிறாய்," என்றார். "அப்பார்ட்மென்ட் நம்பரையும் போடு. கேள்வி இருக்கிற ஆக்கள் வந்து கதவில தட்டட்டும்."