தெற்கு மாறாது

தில்லையம்பலம் தேர்தல் சொன்னால் சொன்னதுதான். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, ஆட்கள் குனிந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டு நிற்கும்போது, "அண்ணை, இந்த முறை ஆர்?" என்று அவரிடம் கேட்காதவர்கள் குறைவு. தொண்ணூற்றிரண்டில் லண்டன் பத்திரிகைகள் எல்லாம் தொழிற்கட்சி வரப்போகிறது என்று துள்ளின. "ஒரு மண்ணும் வராது, பழைய ஆக்கள்தான் இருப்பினம்" என்றார் மனிசன். அப்படியே நடந்தது. அதே வருஷம் அமெரிக்காவில் ஆர் வருவார் என்றும் சொன்னார். அதுவும் பலித்தது. அதற்குப் பிறகு அவருடைய நடையே மாறிப்போனது என்று சொல்ல வேண்டும்.

அவர் பார்த்தது விம்பிள்டன் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. டிஸ்ட்ரிக்ட் லைன் விம்பிள்டனோடு முடிகிறது அல்லவா, ரயிலைக் கூட்டித் துடைக்கிறவர்கள் ஆசனங்களில் கிடக்கும் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வந்து அவருடைய கவுண்டருக்குப் பின்னால் போட்டுவிடுவார்கள். கோட்டுச் சூட்டுப் போட்ட அமெரிக்கர்கள் விட்டுவிட்டுப் போன பத்திரிகைகளும் அதில் வரும். அவற்றை மட்டும் எடுத்து வைத்து, தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணியாகும் வரைக்கும் படிப்பார். எந்த மாநிலத்தில் எந்தக் கட்சி, எந்த ஊரில் கறுப்பின மக்கள் எத்தனை வீதம், எந்த மேற்கு மாநிலம் எப்போது கட்சி மாறியது, எல்லாம் மனப்பாடம். அமெரிக்காவுக்கு ஒருநாளும் போனதில்லை. போகவேண்டிய அவசியமும் அவருக்குத் தோன்றவில்லை.

சரி, பொழுதுபோக்கு என்று விட்டிருக்கலாம். விதி விடவில்லை. இந்தக் கெட்டிக்காரத்தனம் முழுவதும் கடைசியில் அவருடைய மருமகன் பாலேந்திராவின் தலையில் வந்து விடிந்தது.

பாலேந்திரா அவருடைய தங்கை செல்வமலரின் ஒரே பிள்ளை. செல்வமலர் புருஷனை இழந்தவள், செவன் கிங்ஸில் ஒரு அறை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லமொன்றில் ஷிப்ட் வேலை செய்தாள். மகனை லண்டனுக்கு எடுக்கப் பார்த்தாள், விசா கிடைக்கவில்லை. பெடியன் கொழும்பில் ஒருமுறை பொலிஸிடம் பிடிபட்டு, இடக்கையில் இரண்டு நகம் இல்லாமல் வெளியே வந்தவன். இன்னொருமுறை பிடிபட்டால் என்ன நடக்கும் என்று ஆரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் அவனை அமெரிக்க விமான நிலையமொன்றில் வேறு ஆரோவின் பாஸ்போட்டோடு நட்டாற்றில் விட்டுவிட்டு நழுவிவிட்டான். அமெரிக்கர்கள் பெடியனைப் பிடித்துத் தெற்கே பருத்தி விளைகிற மாநிலமொன்றில், ஒரு சின்ன ஊர்ச் சிறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்த ஊரின் பெயரைச் செல்வமலரால் கடைசிவரை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

அங்கே ஒரு வழி பிறந்தது. சிறைக்கு வந்துபோகும் கன்னியாஸ்திரி ஒருவர் அந்தத் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினரிடம் போய் அழுதிருக்கிறார். ஹாலிஸ் என்ற கிழவர், ஜனநாயகக் கட்சி, முப்பது வருஷமாக அந்த ஆசனத்தில் இருப்பவர். பெடியனின் கையைப் பார்த்துவிட்டு, அவனுக்காகவே ஒரு தனி மசோதா கொண்டுவந்தார். அது சபையில் இருக்கும் மட்டும் அவனை நாடு கடத்தமாட்டார்கள். நிறைவேறினால் கிரீன் கார்ட். இந்த வருஷம் நேரமில்லை, நவம்பர் தேர்தல் முடிந்து ஜனவரியில் புதுச் சபை கூடட்டும், திரும்பக் கொண்டுவந்து முடித்துத் தருகிறேன் என்று கிழவர் வாக்குக் கொடுத்தார்.

அதற்குள் தொண்ணூற்றுநாலு செப்டம்பரில் இன்னொரு கதவும் திறந்தது. கனடா எல்லையில் அகதிகளுக்கு உதவுகிற ஒரு தேவாலயம், பெடியனைத் தாங்கள் பொறுப்பெடுத்து எல்லைக்குக் கொண்டுபோய் அகதி மனுப் போடச் செய்வதாகச் சொன்னது. அமெரிக்க நீதிபதியும் ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை: ஒக்டோபர் முடிவதற்குள் போய்விட வேண்டும், போனால் அமெரிக்காவில் வழக்கும் மசோதாவும் செத்துவிடும். கனடாவில் எல்லாம் அடியிலிருந்து தொடங்கவேண்டும், கொடுப்பார்கள் என்ற நிச்சயமும் இல்லை.

செல்வமலர் ஓடிவந்தாள். "அண்ணை, என்ன செய்யிறது? நீங்கள் சொல்லுங்கோ."

"இதிலை சொல்ல என்ன கிடக்கு? கையிலை இருக்கிறதை விட்டிட்டுக் கனடாப் பனிக்கை போய் நிக்கச் சொல்லுறியோ?"

"அந்தக் கிழவர் தோத்தால்?"

தில்லையம்பலம் சிரித்தார். சிரித்தே விட்டார், பாருங்கள். "செல்வம், உனக்கு ஊரிலை வீட்டுச் சின்னம் ஞாபகமிருக்கோ?"

ஆருக்குத்தான் ஞாபகமில்லை! யாழ்ப்பாணத்தில் தமிழ்க் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குக் கீழே ஒரு தும்புத்தடியை நிறுத்தினாலும் சனம் புள்ளடி போட்டது. அப்பா போட்டார், மகன் போட்டான், வேட்பாளரின் முகம் தெரியாமலே போட்டார்கள். ஏன்? ஒரு மண் கோபம் கொண்டு ஒரு கட்சியைப் பிடித்தால் பிறகு விடாது. அதுதான் தில்லையம்பலம் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே அரசியல் பாடம்.

"அமெரிக்காத் தெற்கும் எங்கடை ஆக்கள் மாதிரித்தான்," என்றார். "வடக்கோடை சண்டை பிடிச்சுத் தோத்த சனம். அந்தக் கோபத்திலை நூறு வருஷத்துக்கு மேலை ஒரே கட்சி. தோத்த சனம் மறக்காது. தெற்கு மாறாது."

செல்வமலருக்கு மனம் ஆறவில்லை. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தாள். சிவப்பும் வெள்ளையும் தனித்தனியே பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு எடுப்பித்தாள். வெள்ளை வந்தது. வெள்ளை என்றால் கனடா. அந்தப் பூவைக் கைக்குள் பொத்திக்கொண்டு நேரே விம்பிள்டன் கோயிலுக்கு வந்தாள்.

"அம்மாளாச்சிக்கு அமெரிக்காத் தொகுதி நிலவரம் ஆர் சொன்னது?" என்று தில்லையம்பலம் கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் பூவைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

எச்சரித்தது ஒரே ஒருவர். அடுத்த கவுண்டரில் இருந்த ரங்கராஜன், மதுரைக்காரர்.

"சார், நீங்க சொல்ற தெற்கு, ஜனாதிபதி தேர்தல்ல எப்பவோ மாறிடுச்சே. எண்பத்து நாலுல மொத்தமா எதிர்க் கட்சிக்கு விழுந்துச்சு, எண்பத்தெட்டுலயும் அப்படித்தான்."

"அது மேலை. கீழ்ச் சபைக்கு அவை தங்கடை ஆளைத்தான் போடுவினம். முப்பது வருஷமாப் பழகின முகம்."

"மேல மாறினா கீழயும் மாறும் சார், கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான். எங்க ஊர்ல காங்கிரஸை அசைக்க முடியாதுன்னுதான் எங்கப்பாவும் சொல்லிட்டிருந்தாரு. அறுபத்தேழுல என்ன ஆச்சு? அவ்வளவு பெரிய தலைவரே சொந்த ஊர்ல ஒரு மாணவர் தலைவர்கிட்ட தோத்தாரு. எங்கப்பா ரெண்டு நாள் சாப்பிடல. ஆமா, நான் பாத்திருக்கேன். ஜனங்க மாறுறது வெளியில தெரியாது சார்."

"உங்கடை சனம் மாறும்," என்றார் தில்லையம்பலம். "எங்கடை சனம் மாறாது."

எங்கடை சனமாம்! பருத்திக்காட்டு வெள்ளைக்காரன் எப்போது இவருக்கு எங்கடை சனம் ஆனான் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. ரங்கராஜன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பயணிக்கு டிக்கெட் கிழித்தார்.

சனிக்கிழமை சிறையிலிருந்து போன் வந்தது. செவன் கிங்ஸ் அறையில் செல்வமலர் ரிசீவரைக் காதில் வைத்து இரண்டு சொல் கேட்டுவிட்டு, அண்ணனிடம் நீட்டினாள்.

"மாமா, சேர்ச் ஆக்கள் முடிவு கேக்கினம். இஞ்சை உள்ளுக்கை இருக்க ஏலாமல் கிடக்கு. ஆனால் நீங்கள் என்ன சொல்லுறியளோ அதுதான்."

"பொறு," என்றார் தில்லையம்பலம். "இன்னும் கொஞ்ச நாள்தானே. கிழவர் வெல்லுவார். கிரீன் கார்டோடை அம்மாவை வந்து பாக்கலாம்."

"சரி மாமா. அப்ப கனடா வேண்டாமெண்டு சொல்லுறன்."

எவ்வளவு சுலபமாகச் சொன்னான் பிள்ளை!

நவம்பர் ஒன்பதாந் திகதி காலை தில்லையம்பலத்துக்கு முதல் ஷிப்ட். கவுண்டர் திறந்து, மேசைக்கடியில் வைத்திருந்த சின்ன ரேடியோவைப் போட்டார். அமெரிக்காவில் நாற்பது வருஷத்துக்குப் பிறகு கீழ்ச் சபை ஜனநாயகக் கட்சியின் கையைவிட்டுப் போய்விட்டது என்றது ரேடியோ. தெற்கில் மட்டும் ஆசனம் ஆசனமாக, வாழைத்தோட்டத்தில் காற்றடித்த மாதிரி விழுந்திருக்கிறது என்பது கேட்கக் கேட்கத் தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் வோட்டர்லூவுக்கு டிக்கெட் கேட்டாள். இவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் இரண்டாம் முறை கேட்டாள். ரங்கராஜன் எட்டி வந்து டிக்கெட்டைக் கொடுத்தார். "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தில்லையம்பலத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஹாலிஸ் தனி ஆளாகத் தப்பியிருக்கலாம் அல்லவா? முப்பது வருஷ முகம்! அமெரிக்கா விடிந்து அலுவலகம் திறக்கும் நேரம்வரைக்கும் காத்திருந்து பெடியனின் அமெரிக்க வழக்கறிஞருக்குப் போன் எடுத்தார். தோற்றுவிட்டார், வித்தியாசமும் சிறியதில்லை என்றார் வழக்கறிஞர். வென்றவர், கப்பலிலும் விமானத்திலும் களவாய் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவேன் என்று சொல்லியே வோட்டுக் கேட்டவர். மசோதா? அது பழைய சபையோடு போய்விட்டது. கனடா? அந்தத் திகதி போய்விட்டது.

அதே நாள் இலங்கையிலும் ஜனாதிபதித் தேர்தல். சமாதானம் கொண்டுவருகிறோம் என்ற கட்சி அமோகமாக வென்றது. கோயிலில் ஆட்கள் இனிப்புக் கொடுக்காத குறை. அமெரிக்க அதிகாரிகளும் அந்தச் செய்தியைப் படித்தார்கள். உன்னுடைய நாட்டில்தான் இப்போது சமாதானம் வருகிறதே, பிறகு என்ன பயம் என்று பாலேந்திராவிடம் கேட்டார்கள். தில்லையம்பலம் இத்தனை வருஷமாகத் தேர்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை இரண்டு தேர்தல்கள் சேர்ந்து திரும்பி அவரைப் பார்த்தன.

செல்வமலர் அவரை ஒருநாளும் ஏசவில்லை. ஏசினால் நன்றாயிருக்கும் என்று ஏங்கினார் மனிசன். அவள் வந்தாள், சோறு கறி வைத்தாள், போனாள். கோயிலில் ஆரும் அவரிடம் தேர்தல் கேட்பதில்லை. கேட்டாலும் அவர் குனிந்து நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பார்.

பெப்ரவரியில் வழக்கறிஞர் கூப்பிட்டார். புதன்கிழமை அனுப்புகிறார்கள், லண்டனில் விமானம் மாற்றிக் கொழும்புக்கு, கூட இரண்டு காவலர்.

லண்டனில்! மகன் ஹீத்ரோவில் சில மணி நேரம் இருக்கப் போகிறான், தாய் அதே நகரத்தில் இருக்கிறாள்.

"நான் வீட்டிலை நிக்கிறன் அண்ணை," என்றாள் செல்வமலர். "எப்பிடியும் போன் எடுப்பான். அவனுக்குத் தெரிஞ்சது இந்த நம்பர் ஒண்டுதான்."

"விசர்க் கதை கதையாதை. காவல்காரர் போன் எடுக்க விடுவினமோ? அதிகாரியளைக் கண்டு கெஞ்சினால் தாயெண்டு ஒருக்கால் காட்டுவினம். வா, நான் கதைக்கிறன்."

தன்னால் இன்னும் ஏதாவது செய்ய முடியும் என்று அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவளும் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள். அண்ணை சொன்னால் கேட்டுப் பழகியவள்.

ஹீத்ரோவில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். உள்ளேயே விமானம் மாறிப் போகிற பயணிகள் வெளியே வருவதில்லை, அம்மா, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. தில்லையம்பலம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பேசினார். கும்பிட்டார். கடைசியில் கொழும்பு விமானம் பலகையிலிருந்து மறைந்தது. செல்வமலர் கொண்டுவந்த கம்பளிச் சட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கிலேயே இருந்தாள்.

செவன் கிங்ஸுக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. அறைக்குள் பதில் சொல்லும் மெஷினில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. செல்வமலர் கோட்டைக் கழற்றாமலே பொத்தானை அமத்தினாள்.

"அம்மா? ... அம்மா, நான்தான். ஹீத்ரோவிலை நிக்கிறன். இந்தக் காவல்காரர் நல்லவர், தன்ரை சில்லறையைத் தந்து எடுக்க விட்டவர். ஆரும் இல்லையோ? ... அம்மா, கொழும்பிலை இறங்கினவுடனை என்ன சொல்லுறது, ஆரிட்டைப் போறது எண்டு மாமாட்டைக் கேட்டு வையுங்கோ. அவருக்குத் தெரியும். ஏத்திறதுக்கு முதல் விட்டினமெண்டால் திரும்ப எடுக்கிறன்."

இரண்டாவது தகவலும் இருந்தது. அதில் குரல் இல்லை. அறிவிப்பு ஒலிக்கிற சத்தம் கொஞ்சம், பிறகு வைத்துவிட்ட சத்தம்.

தில்லையம்பலம் கதவடியில் நின்றார். தலையில் ஐம்பது மாநிலங்களும் கிடந்தன. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிற ஒரு தமிழ்ப் பெடியன் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பது மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

செல்வமலர் அவர் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"சொல்லுங்கோ அண்ணை. பிள்ளை கேக்கிறானெல்லே."