அக்காவுக்குப் பிடித்த சைலன்சர்

கொட்டகையில் நின்ற பைக்கை வெளியே எடுத்தால் இன்னும் நாலு நாற்காலி போடலாம் என்று எதிர்வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு போனார். ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அழுத்தினார். உள்ளே ஏதோ கறக்கென்று உரசியது.

"விடுங்க சார், ஸ்டார்ட் ஆகி ஓடிட்டுதான் இருக்கு," என்றான் சுவரோரமாக நின்ற மெக்கானிக்.

"சத்தமே காணோமே?"

"அது அப்படித்தான்."

வாசற்படியில் நின்றிருந்த அக்காவின் காதில் அது விழுந்தது. அவள் உள்ளே திரும்பிக்கொண்டாள். கூடத்தில் தம்பி வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தான். நாற்பதைத் தாண்டியும் முகத்தில் ஒரு பிள்ளைத்தனம் இருந்தது. எதையோ சொல்ல வந்து, வேண்டாம் என்று அடக்கிக்கொண்டவன் மாதிரி கிடந்தான்.

"எப்படிம்மா ஆச்சு?" என்று புதிதாக வந்த ஒரு பெண் கேட்டாள்.

"நெஞ்சுவலி. உடனே போயிட்டான்," என்றாள் அக்கா.

காலையிலிருந்து எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் டாக்டர்தான் அவர். இத்தனை வருஷம் கூட வேலை செய்த நர்ஸிடம் பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "கொஞ்ச நேரம் உயிரோட இருந்திருப்பார், சிஸ்டர். உட்கார்ந்தே இருந்திருப்பார் போல," என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை, இரண்டு பேரும் அதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவும் இல்லை. அவளுக்கு எப்போதும் ராத்திரி டியூட்டி. காலையில் வந்து குளித்துச் சமைத்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். அவன் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருந்தான். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவான். அவன் வருவதை அவனுக்கு முன்னால் அந்தப் பைக்கே தெருவுக்கெல்லாம் சொல்லிவிடும்.

சைலன்சர் என்றால் அவனுக்குப் பைத்தியம். கம்பெனி மாட்டிக் கொடுத்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு அவனும் அவன் கூட்டாளியான மெக்கானிக்கும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள். மேம்பாலத்தில் அதே கியரில், பின்னால் அதே ஆளை உட்கார வைத்து, எதில் பிக்கப் நன்றாக இருக்கிறது, எதில் இழுவை குறைகிறது என்று வாய் ஓயாமல் பேசுவார்கள். ஒரு குட்டைக் குழாய் வந்தது. சத்தம் காதைப் பிளந்ததே தவிர, ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. அடுத்து வந்த ஸ்டீல் சைலன்சருக்கு அடித்தொண்டைக் குரல், இழுவையும் உண்டு. எது வந்தாலும் தீர்ப்புச் சொல்ல அக்கா வாசலுக்கு வந்தாக வேண்டும்.

"அக்கா, இதைக் கேளு. எப்படி இருக்கு?"

"பாத்திரக் கடை இடிஞ்சு விழுந்த மாதிரி இருக்கு."

"அப்ப இது?"

"ரெண்டும் ஒண்ணுதான்டா. போய்ச் சோத்தைப் போட்டுச் சாப்பிடு."

ரெண்டும் ஒண்ணில்லை. அது அவளுக்கே தெரியும். ஸ்டீல் சைலன்சர் தெருமுனையில் திரும்பும்போது பாதித் தூக்கத்திலும், வந்துட்டான், என்று மனசு சொல்லும். திரும்பிப் படுத்துக்கொள்வாள். அதை அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவான்.

பிறகு ஒரு நாள், வார்டில் ராத்திரி முழுக்கப் போராடியும் ஒரு நோயாளியைக் காப்பாற்ற முடியாமல் வந்து படுத்த மத்தியானம், அந்தச் சத்தம் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. அவிழ்ந்த தலையோடு வெளியே வந்தாள்.

"நீ வர்றதும் போறதும் எனக்குத் தெரியவே கூடாது. அப்படி ஒரு சைலன்சர் இருந்தா மாட்டு. இல்லைன்னா வீட்டுப் பக்கம் வராதே."

அவன் கோபப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியவே கூடாதா? கொஞ்சம் கஷ்டம். பார்ப்போம்," என்றான், கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் சொல்வதைப் போல. எங்கெங்கோ தேடி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். உள்ளே தடுப்புக்கு மேல் தடுப்பு வைத்த கனத்த குழாய். ஏற்றத்தில் மாட்டு வண்டி மாதிரி போகிறது என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டானாம். "போகட்டும், நாம என்ன ரேஸுக்கா போறோம்?" என்றானாம் இவன்.

நேற்று அவள் நன்றாகத் தூங்கினாள். பல வாரங்களாக அப்படித் தூங்கியதில்லை. எழுந்தபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. அவனும் வந்துவிடுவான் என்று இரண்டு பேருக்கும் சேர்த்தே டீ போட்டாள். காயப்போட்ட துணியை எடுக்கக் கொல்லைப் பக்கம் போனபோதுதான் கொட்டகையில் பைக்கைப் பார்த்தாள். பைக்கை ஒட்டி, சுவரில் சாய்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். இன்ஜின் ஆறிப்போயிருந்தது.

கொட்டகைக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். முகத்தை ஒரு தரம் பார்த்திருந்தால் போதும், அவளுக்குத் தெரிந்திருக்கும். முன்பின் தெரியாதவர்களின் முகத்தையெல்லாம் ராத்திரி ராத்திரியாகப் பார்த்து ஆபத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

"அக்கா," என்று மெக்கானிக் சமையலறை வாசலில் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் அடுப்பைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"நேத்து மத்தியானம் எனக்குப் போன் பண்ணினான். ஒருத்தர் ரெண்டு சைலன்சரைக் கேட்டுப் பார்க்கணும்னு வந்திருந்தார். பைக்கை ஸ்டாண்டுல போட்டு ரேஸ் பண்ணிட்டிருந்தேன். ஒரு கையில போன், ஒரு கையில ஆக்ஸிலேட்டர். நெஞ்சு எரியுது, கொட்டகையில உக்காந்திருக்கேன்னு ஏதோ சொன்னான். சரியா கேக்கல. என்னடான்னு கத்தினேன்." அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல, அக்கா தூங்குது, அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டான்."

அவள் துணியைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துணிதான்.

"திருப்பிக் கூப்பிட்டிருக்கணும். கூப்பிடல. ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கையை எடுத்திருந்தாலே கேட்டிருக்கும், அக்கா."

ஒரு கணம் அவளுக்கு நெஞ்சில் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. தன்னைத் தவிர இன்னொருத்தருக்கும் இதில் பங்கு இருக்கிறது. அடுத்த கணமே அப்படி நினைத்ததற்காகக் கூசிப்போனாள். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உனக்காவது கேக்காம போக ஒரு சத்தம் இருந்துச்சு," என்றாள்.

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் தரையைப் பார்த்தான். "நீங்க டியூட்டி முடிச்சுட்டு வந்து..."

"நல்லா தூங்கினேன்."

கூடத்தில் யாரோ இருமினார்கள். அவள் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, "அந்த ஸ்டீல் சைலன்சர் எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

"என் கடையிலதான். ஏன்க்கா?"

"அது நல்லா இருந்துச்சு."

"அவனுக்கும் அதுதான் பிடிக்கும். அக்காவுக்கு எதுவுமே பிடிக்கலடான்னு சொல்லுவான்."

அவள் தலையாட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தம்பியை ஏற்றிப்போகும் வேன் வந்துவிட்டது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது பொழுது சாயவில்லை. எதிர்வீட்டு அம்மா விடாப்பிடியாக அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிட்டாள்.

"நேத்துலேர்ந்து நின்னது நின்னபடியே இருக்கீங்க. கொஞ்சம் கண்ணை மூடுங்க. யாரும் தொந்தரவு பண்ணாம நான் பார்த்துக்கறேன்."

கதவு ஒருக்களித்துச் சாத்தப்பட்டது. வெளியே அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போவது கேட்டது. "மெதுவா. அக்கா தூங்கறாங்க." ஒரு வீட்டில் டி.வி. சத்தம் தணிந்தது. நாற்காலிகளை இழுக்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கினார்கள். தெருவில் பேச்சு கிசுகிசுப்பாகி, பிறகு அதுவும் நின்றது.

பிறகு கொட்டகைப் பக்கத்திலிருந்து செயின் மெல்ல ஓடும் சத்தம் மட்டும் வந்தது. மெக்கானிக்கும் கூட்டாளிகளும் கிளம்புகிறார்கள். யாரும் பைக்கை ஸ்டார்ட் பண்ணவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். திரையை விலக்கி, ஜன்னல் கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்தாள். பைக்குகளைத் தள்ளிக்கொண்டு அவர்கள் வரிசையாகத் தெருமுனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். தெருமுனையிலாவது ஒரு சத்தம் கேட்குமா என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.