மத்தியானத் தண்ணீர்

அந்தக் கோடையில் தையல்காரர் பொழுது விடியும்போதே மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். வெயில் ஏறிய பிறகு தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், கறுப்பு ரப்பர் குழாயில் கொதித்துக் கிடப்பதை வாளியில் பிடித்து ஆறவைத்துத்தான் செடிக்கு விடுவார். இருப்பது ஒரே ஒரு மாதுளை. அவருடைய ஒரே மகள், காய்ச்சலில் போவதற்கு ஒரு மாதம் முன்பு, பெயிண்ட் வாளியில் ஊன்றிய விதை. மூன்று வருடம் கழித்து இந்த வாரம்தான் சிவப்பாக ஒரு மொட்டு விட்டிருந்தது. மிச்சமான லைனிங் துணிகளை ஒட்டுப்போட்டு அதற்கொரு பந்தலும் தைத்துக் கட்டியிருந்தார்.

"மனுஷனுக்குச் சட்டை தைக்கப் பத்து நாள் இழுக்கிறே. செடிக்கு ஒரே நாள்ல முடிச்சுட்டியே!" என்று கூட இருக்கும் அக்கா கேலி செய்தாள்.

"அது அளவு சரியில்லன்னு சண்டைக்கு வராதுக்கா."

பள்ளிச் சீருடை தைக்க மூன்று நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. "செடி தாங்கும். நீ அந்தக் காலை வச்சுக்கிட்டு படி ஏறாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்து பார்த்தபோது இலைகள் வெந்த கீரைபோலச் சுருண்டு கறுத்திருந்தன. விரல் பட்டதும் மொட்டு கையோடு வந்துவிட்டது. நகத்தால் தண்டைக் கீறினார். பச்சையே இல்லை.

"யாரு தண்ணி ஊத்தினது?" என்று கத்திக்கொண்டே இறங்கினார்.

"நான்தான்டா. நீ போன மறுநாள், சுவரைப் பிடிச்சு ஏறிட்டேன். உச்சி வெயில்ல இலையெல்லாம் தொங்கிப்போய் நின்னுச்சு. நம்ம பாப்பா கடைசியா தண்ணி தண்ணின்னு கேட்டாளே, அப்படியே இருந்துச்சு. மனசு கேக்கல. குழாய் சுட்டுச்சு, முந்தானையைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு வயிறு நிறைய ஊத்தினேன்."

திட்ட வாய் திறந்தார். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தார். கோலிக்குண்டு அளவில் இரண்டு கொப்புளங்கள்.

"இது எப்படி?"

அக்கா குனிந்து பார்த்தாள். "அட! தரை சுட்டிருக்கும். சர்க்கரை வந்ததுலேர்ந்து கால்தான் மரத்துக் கிடக்கே, எனக்கு எங்கே தெரியுது?"

கொப்புளங்கள் உள்ளங்காலில் இல்லை. புறங்காலில், குழாயில் கொதித்த தண்ணீர் தெறித்த இடத்தில் இருந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் சாகும்வரை தூங்கமாட்டாள். அந்த வார்த்தையைக் கடவுள்தான் அவர் நாக்கிலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

"ஆமாக்கா, தரைதான்" என்றார்.

களிம்பை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தார். அவள் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"செடி பொழச்சுக்கும்ல?"

"இந்த வெயிலை எது தாங்கும்க்கா? நீ ஊத்தினதாலதான் இத்தனை நாளாவது நின்னுச்சு."

அவள் முகம் தெளிந்தது. அவர் குனிந்து, கொப்புளத்தைச் சுற்றி மெல்லத் தடவினார். களிம்பின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"அசடு, ஏன்டா அழறே?" அக்கா அவர் தலையைக் கோதினாள். "எனக்கு வலிக்கவே இல்லையே."